மோசஸ் குடிக்கவில்லை

அத்தியாயம் பதினொன்று

பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் பாக்கியநாதன் யாரோ ஒரு பெண்ணோடு நின்றிருந்ததைப் பார்த்ததாக ஆஸ்பத்திரி ஆயா முத்தம்மாள் வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து, நர்ஸ் ஞானம்மாவுக்குச் சோறு பிடிக்கவில்லை.

அன்றைக்குக் கம்பெனியில் இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்ப்பதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். அதைப் பற்றிப் புருஷனிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வயல்வெளியில் புதிதாக எழும்பியிருந்த பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் பாக்கியநாதனுக்கு வேலை. வாரம் முழுக்க அங்கே தங்கை ரோசம்மாள் வீட்டில் தங்கிக்கொள்வான். தங்கையின் புருஷன் மோசஸுக்கும் அதே கம்பெனியில்தான் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மணி அடிப்பதற்குள் திருவள்ளூர் வந்து சேர்ந்துவிடுவான் பாக்கியநாதன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைக் கம்பெனி சூப்பர்வைசர் ஆக்கியபிறகுதான் அந்த வழக்கம் கெட்டது. வந்தாலும் பேச்சில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஞானம்மாவுக்கு முகங்களைப் படிப்பதுதான் பிழைப்பு. பொதட்டூர்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகள் அவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நர்ஸ் படிப்பு முடித்த நாள்முதல் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக் கேஷுவால்டிதான் அவளுக்கு வீடு. திருவாலங்காட்டுத் தண்டவாளத்தில் கால் போனவர்கள், அறுவடைக் காலத்தில் பாம்பு தீண்டியவர்கள், ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லப்பட்டு வந்த மருமகள்கள் என்று எத்தனையோ பேர் அவள் கைக்கு வந்திருக்கிறார்கள். கூட வருகிறவர்கள் சொல்லும் கதையில் எது நிஜம், எது வழியில் சேர்த்துக்கொண்டது என்பது அவளுக்குப் பெரும்பாலும் வாசலிலேயே தெரிந்துவிடும்.

சொந்தப் புருஷனின் முகம் மட்டும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை. சீட்டு வாங்கும் வரிசை கேட் வரை நீண்டிருந்தது. வெள்ளை மெட்டடார் வேன் ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்தபடி உள்ளே வந்து கேஷுவால்டி வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கியவன் பாக்கியநாதன். அவன் தோளில் மோசஸ் துவண்டு கிடந்தான். பின்னாலேயே ரோசம்மாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு.

“மருந்து குடிச்சிட்டான், ஞானம்,” என்றான் பாக்கியநாதன்.

அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷனும் இல்லை, நாத்தனாரும் இல்லை. மோசஸை மேஜையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் பொங்கிய நுரையை வழித்து எடுத்தாள். நாடி மெதுவாக, விட்டு விட்டு அடித்தது. கன்னத்துச் சதையும் கெண்டைக்கால் சதையும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடித்துக்கொண்டிருந்தன. இமையை விரித்து டார்ச் அடித்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

டாக்டர் பராசரன் ஓடிவருவதற்குள் விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசி தயாராக இருந்தது. அவர் தலையசைத்தார், அவள் போட்டாள். பிறகு ஒன்று. மறுபடியும் ஒன்று. இடையில் டாக்டர் ரப்பர் குழாயை இறக்கி வயிற்றைக் கழுவினார். பேசினுக்குள் வந்து விழுந்ததை இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

காலையில் குடித்த கேழ்வரகுக் கூழ். வேறொன்றும் இல்லை. மருந்து வாசனையே இல்லை.

“வயித்துல ஒண்ணுமே காணுமே, சிஸ்டர்,” என்றார் டாக்டர். “இவன் எதைக் குடிச்சான்?”

ஞானம்மா மோசஸைப் புரட்டினாள். சட்டை முதுகோடு எண்ணெய்போல ஒட்டியிருந்தது. அதிலிருந்து அழுகிய வெள்ளைப்பூண்டு நாற்றம் குப்பென்று கிளம்பியது. துணியை வெட்டி எடுத்தபோது வலது தோளிலிருந்து இடுப்புவரை தோல் சிவந்து கிடந்தது.

டாக்டர் அவளைப் பார்த்தார். “குடிக்கறவன் முதுகுல ஊத்திப்பானா?”

ரப்பர் உறை போட்டுக்கொள்ளாமல் யாரும் அவனைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். முத்தம்மாள் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். இருவருமாக அவனைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் கழுவினார்கள். கழற்றிய துணியை ஒரு வாளியில் போட்டு மூடினார்கள். ஊசி தொடர்ந்தது. வாயில் நுரை வற்றி, நாடி வேகம் பிடித்து, மூச்சில் இருந்த கரகரப்பு குறையும்வரை ஞானம்மா அவன் மணிக்கட்டை விடவில்லை.

“தப்பிச்சுடுவான்,” என்றார் டாக்டர். கை கழுவும்போது குரலைத் தணித்துக்கொண்டார். விஷக் கேஸ், போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். என்ன நடந்தது என்று கூட்டிவந்தவரைக் கேட்டு வையுங்கள் என்றார். கூட்டிவந்தவர் யார் என்பது அவருக்கும் தெரியும். அதனால் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அப்போதுதான் ஞானம்மாவுக்கு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. கும்மிடிப்பூண்டியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. பொன்னேரியில் இருக்கிறது. உயிருக்குப் போராடுகிறவனை இவ்வளவு தூரம் இங்கே ஏன் தூக்கிவர வேண்டும்? பெண்டாட்டி இருக்கிற இடம், அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையா?

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாக்கியநாதன் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றிருந்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். மூக்கைத் துடைத்தான். குனிந்து துப்பினான். காலை வெயிலே இன்னும் ஏறவில்லை, அவன் சட்டை நனைந்திருந்தது. இவள் பார்ப்பது தெரிந்ததோ என்னவோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பொய் சொல்கிறவன் இப்படித்தான் வியர்ப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரோசம்மாள் வராந்தாவில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மோசஸ் பிழைத்துக்கொண்டான் என்று சொன்னதும் அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். எல்லாம் தன்னால்தான் என்றாள். முந்தின ராத்திரி சண்டை. கம்பெனி வேலை வேண்டாம், தலை சுற்றுகிறது, சாயங்காலமானால் கண் மங்குகிறது, ஆரம்பாக்கத்தில் செங்கல் சூளைக்கே போய்விடுகிறேன் என்று மோசஸ் சொல்லியிருக்கிறான். இவள்தான் திட்டியிருக்கிறாள். கம்பெனிச் சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடி மண் மிதிக்கப் போகிறாயா, உனக்குக் கழுத்தை நீட்டியதற்கு நான் கிணற்றில் விழுந்திருக்கலாம் என்றெல்லாம் பேசியிருக்கிறாள்.

“அதுக்குத்தான் குடிச்சிருக்கான், அண்ணி. நான்தான் அவன கொல்லப் பாத்தேன்.”

“குடிச்சத நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? கூழ குடிச்சிட்டு வேலைக்குப் போனான். அப்பறம் அண்ணன்தான் வேன் எடுத்துக்கினு ஊட்டாண்ட வந்துச்சி. மோசஸ் மருந்து குடிச்சிட்டான், ஏறுன்னுச்சி. போலீசு கேட்டா சண்ட போட்டத சொல்லுன்னு வழியெல்லாம் சொல்லிக்கினே வந்துச்சி.”

ஞானம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நுரை கக்கிக்கொண்டிருக்கிறவனை வேனில் போட்டுக்கொண்டு, முதலில் வீட்டுக்குப் போய்ச் சாட்சிக்கு ஆள் ஏற்றியிருக்கிறான். அதுவும் கூடப் பிறந்தவளை.

“மோசஸ் குடிக்கல, ரோசு,” என்றாள். “அவன் வயித்துல விஷமே இல்ல. முதுகுல கொட்டியிருக்கு. கம்பெனியிலதான் ஏதோ நடந்திருக்கு.”

ரோசம்மாள் அழுகையை நிறுத்தினாள். அவளுக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. தான் காரணம் இல்லை என்ற ஆறுதல் அந்த முகத்தில் வந்தது போலத் தெரிந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

“அப்ப அண்ணன் எதுக்கு என்னாண்ட அப்டி சொல்லுச்சி?”

இருவரும் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார்கள். பாக்கியநாதன் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தான்.

ஞானம்மா முற்றத்தைக் கடந்து போனாள். பக்கத்தில் போய் நிற்கும்வரை அவன் அவளைக் கவனிக்கவில்லை. திரும்பியபோது கண்ணிரண்டும் சிவந்து நீர் வழிந்தது.

“பொழச்சிக்கினானா?”

“பொழச்சிக்கினான். குடிக்காதவன் பொழைக்காம இன்னா செய்வான்?”

அவன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான்.

ஏன் பொன்னேரியில் சேர்க்கவில்லை என்று கேட்டாள். தங்கைக்கு ஏன் பொய்ப்பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அவன் முனகலாகச் சொன்னான்: கம்பெனியில் நடந்ததென்று வெளியே தெரிந்தால் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பூட்டுப் போட்டுவிடுவாராம், அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துவிடுமாம், மேனேஜர் ராஜமாணிக்கம் அப்படித்தான் சொல்லச் சொன்னாராம். மோசஸுக்கு வைத்தியச் செலவு கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

“தற்கொலைன்னு கேஸ் எழுதுனா மோசஸ ஜெயிலுக்கு அனுப்புவாங்க. அது தெரியுமா உங்களுக்கு?”

“இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்? எனக்குத் தலை வலிக்குது, ஞானம். உடு.”

விடு என்றதும் அவளுக்குள் இத்தனை நாள் அடைத்துவைத்திருந்தது உடைந்துகொண்டது. கேட்கவேண்டாம் என்று வைத்திருந்ததை, அந்த முற்றத்தில், நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டேவிட்டாள்.

“பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டுல உங்ககூட நின்னுக்கினு இருந்தாளே, அவ யாரு?”

பாக்கியநாதனின் வாய் அசைந்தது. பக்கத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். கை, சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் போய் விழுந்தது. அவன் சாய்ந்தான். வரிசையாக நின்ற சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன.

குடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் குனிந்தாள். சாராய வாடை இல்லை. வெள்ளைப்பூண்டு.

அவன் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். கண்மணி ஊசிமுனையாக இருந்தது.

வியர்வை, ஒழுகும் மூக்கு, ஊறும் எச்சில், நீர் வழியும் கண். வேறு எவளுடைய புருஷனாவது இப்படி வந்து நின்றிருந்தால் வாசலிலேயே பிடித்துப் படுக்க வைத்திருப்பாள். விஷத்தில் நனைந்தவனை அவ்வளவு தூரம் மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், தோளில் சுமந்து இறக்கியிருக்கிறான். இறக்கியதை அவளே கண்ணால் பார்த்தாள். அவள் மட்டும் அதை வேறொரு கணக்கில் சேர்த்துவிட்டாள்.

“முத்தம்மா, ஸ்ட்ரெச்சர்!”

அதற்குப்பிறகு மத்தியானம்வரை அவளுக்கு நினைக்க நேரமில்லை. மோசஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் பாக்கியநாதன். அதே சோப்புத் தண்ணீர், அதே ஊசி. அவன் சட்டையைக் கழற்றும்போது மட்டும் அவள் இரண்டு முறை பட்டனைத் தவறவிட்டாள். டாக்டர் பராசரன் அதைக் கவனித்தார். நீங்கள் உட்காருங்கள், நான் பார்க்கிறேன் என்றார். அவள் உட்காரவில்லை.

இடையில் ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். ரோசம்மாளைத்தான் முதலில் கேட்டார். ரோசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். நேற்று சண்டை போட்டது நிஜம் என்றாள். ஆனால் புருஷன் குடித்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லமாட்டேன் என்றாள். அண்ணன் கட்டில் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. விஷம் தோல் வழியாக ஏறியது என்று டாக்டர் தன் வாயாலேயே கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

வெயில் சாயத் தொடங்கியபோது பாக்கியநாதன் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டான். ஞானம்மா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவன் தானாகவே பேசினான்.

மருந்து டிரம் ஒன்று அடியில் விரிசல் விட்டிருந்ததாம். தள்ளுவண்டி உடைந்துகிடந்ததால் தோளில் ஏற்றிக் கழுவும் குழாயடிக்குக் கொண்டுபோ என்று மோசஸிடம் சொன்னவன் இவன்தானாம். மோசஸ் தயங்கினானாம். இவன் அதட்டினானாம். குழாயடி போய்ச் சேர்வதற்குள் மோசஸ் விழுந்துவிட்டான். தூக்க வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை. இவனும் சின்னப்பொண்ணும்தான் தூக்கினார்களாம்.

“சின்னப்பொண்ணு யாரு?”

அவன் கூரையைப் பார்த்தான். “டிரம் கழுவுற பொண்ணு. நீ கேட்டியே, அவதான்.”

ஞானம்மா பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

போன மாதம் அந்தப் பெண் கழுவும் தொட்டியருகே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாளாம். வெளியே தெரியக்கூடாது என்று மேனேஜர் சொன்னதால் இவனே பஸ்ஸில் ஏற்றிப் பெரியபாளையத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிக் கூட்டிவந்தானாம். வெயில் மயக்கம் என்று டாக்டரிடம் சொன்னதும் இவனேதான். அடுத்த வாரமே அவள் மறுபடி தொட்டிக்கு வந்துவிட்டாள். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. வேறு வழியில்லை அவளுக்கு.

“அப்ப டிரம்முல இருக்கறது ஆள கொல்லும்னு உங்களுக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினே மோசஸ் தோள்ல ஏத்துனீங்க.”

அவன் கண்ணோரம் நீர் இறங்கியது. இது விஷத்தால் வந்த நீர் இல்லை என்பதை இப்போது அவளால் சொல்ல முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றவள் தான் பயந்தமாதிரிப் பெண்ணாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது அவளுக்கு. அப்படி இருந்திருந்தால் அழுது, சண்டை போட்டு, ஒருவேளை மன்னித்தும் இருக்கலாம். இதை என்ன செய்வது?

மறுநொடி வேறொன்று உறைக்க, சட்டென்று எழுந்துகொண்டாள். “மோசஸ அவளும்தான தூக்குனா? அவ இப்ப எங்க?”

வீட்டுக்குப் போய்க் குளிக்கச் சொன்னதாகச் சொன்னான். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ரயில் பாதை ஓரத்துக் குடிசை. அம்மாவும் மகளும் மட்டும்.

ஞானம்மா நடந்தாளா ஓடினாளா தெரியாது. டாக்டர் பராசரன் கேட்டவுடனே போனை எடுத்தார். கும்மிடிப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு ட்ரங்க் கால் போட்டு, அந்தப் பெண்ணை உடனே பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இங்கே அனுப்பச் சொன்னார். ஏற்கெனவே ஒருமுறை விஷம் ஏறிய உடம்பு, தாங்காது என்று இரண்டு தடவை சொன்னார். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஞானம்மா கட்டில் ஒன்றுக்கு விரிப்புப் போட்டாள், ஊசிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். பார்த்திராத அந்தப் பெண்ணின் முகத்தை இத்தனை நாள் மனதுக்குள் எத்தனை விதமாக வரைந்து வெறுத்திருக்கிறாள். இப்போது அந்த முகம் வாசலில் வந்தால் போதும் என்றிருந்தது.

போன் மணி அடித்தது. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நெற்றி சுருங்கியது. ரிசீவரை வைத்தபிறகும் சற்று நேரம் அதன்மேல் கையை எடுக்கவில்லை.

“குடிசைல அம்மா மட்டும்தான் இருக்காளாம். பொண்ணு மத்தியானம் வாந்தி எடுத்திருக்கா. வெள்ளை வேன் ஒண்ணு வந்து ஏத்திண்டு போயிருக்கு. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குன்னு வேன்காரன் சொன்னானாம்.”

ஞானம்மா வாசலைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த வாசலைப் பார்க்க முடியாத இடத்துக்கு அவள் போகவே இல்லை. மோசஸை இறக்கிய கையோடு திரும்பிப்போன அந்த வேன் மறுபடி வரவே இல்லை.

“இங்க யாரும் வரல, டாக்டர்.”

“எனக்கும் தெரியும், சிஸ்டர்.”

ஆஸ்பத்திரி ஜீப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஷிப்டுக்கு வந்த நர்ஸிடம் இரண்டு கட்டில்களையும் ஒப்படைத்துவிட்டு, அட்ரோபின் குப்பிகளையும் ஊசிகளையும் பையில் அடுக்கிக்கொண்டாள் ஞானம்மா. ரோசம்மாள் வந்து நின்றாள். “நானும் வரேன் அண்ணி. அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்,” என்றாள். மோசஸ் நன்றாகத் தூங்குகிறான், முத்தம்மாள் பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னாள்.

கிளம்புமுன் புருஷனின் கட்டிலருகே வந்தாள். நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு, காலையில் அந்த வேனை ஓட்டியது யார் என்று கேட்டாள். கலியன் என்றான். மேனேஜர் வீட்டு டிரைவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

அவனிடம் இனி ஒன்றும் பெயராது என்று திரும்பினாள். பொன்னேரி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று வழியிலுள்ள ஆஸ்பத்திரிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ரோசம்மாளிடம் சொன்னாள்.

பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்தது பாக்கியநாதனின் கை. பலமில்லாத பிடிதான். ஆனால் விடவில்லை.

“ஆஸ்பத்திரில தேடாத, ஞானம்,” என்றான். “அங்கெல்லாம் கொண்டுபோயிருக்க மாட்டாங்க.”

வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஞானம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலே கேட்டாள்.

“அப்ப எங்க?”